தாமதமான வேலைக்குப் புது ஆட்கள் உதவுவார்களா?

கேள்வி: ஐந்து பேர் செய்யும் மென்பொருள் வேலை இரண்டு மாதம் இழுத்துவிட்டது. இன்னும் மூன்று பேரைச் சேர்த்தால் சரியாகிவிடுமா?

பதில்: பெரும்பாலும் இன்னும் இழுக்கும். ஐந்து பேர் ஒருவரோடொருவர் பேச 10 ஜோடிகள். எட்டுப் பேர் என்றால் 28. வந்தவர்களுக்கு இதுவரை எழுதிய நிரலை விளக்குவது யார்? அதை நன்றாக அறிந்த அதே ஆள்தான். அவர் கை நின்றால் சிக்கலான பகுதி அப்படியே கிடக்கும். சேர்த்தே ஆக வேண்டுமென்றால் சோதனை, பழைய தரவை மாற்றுவது போன்ற தனியே பிரியும் வேலையைக் கொடுங்கள்.

அதற்குமுன் செய்ய வேண்டிய வசதிகளின் பட்டியலை வெட்டுங்கள். மீதமுள்ள ஒவ்வொரு வசதிக்கும், ‘இது இல்லாமல் வெளியிட்டால் யாருக்கு என்ன நின்றுபோகும்?’ என்று கேளுங்கள். பதில் வராதது அடுத்த வெளியீட்டுக்கு. ‘90 சதவீதம் முடிந்தது’ என்ற பேச்சை மட்டும் நம்பாதீர்கள். அந்தக் கடைசி 10 சதவீதத்தில்தான் பிற மென்பொருளோடு இணைக்கும் வேலையும் பிழை திருத்தமும் ஒளிந்திருக்கும். முடிந்ததா, இல்லையா, அவ்வளவுதான் கணக்கு. புதிய தேதியை வாடிக்கையாளரிடம் ஒரே தடவை சொல்லுங்கள். வாராவாரம் தள்ளினால் பெயர் கெடும்.

கேள்வி: நிறையப் பணம் போட்ட திட்டத்தைப் பாதியில் விட மனமில்லையே?

பதில்: போட்டது போனதுதான். முடிக்க இன்னும் 4 லட்சம் ஆகும், அதனால் வருவது 3 லட்சம் என்றால் விட்டுவிடுங்கள். இதுவரை போட்டது 1 லட்சமோ 20 லட்சமோ, முடிவு மாறாது. வருவது 6 லட்சம் என்றால் தொடரலாம். ஆனால் அந்த 6 லட்சத்தைக் கணித்தவர் திட்டத்தைத் தொடங்கியவராக இருக்கக் கூடாது.