விசா வந்துவிட்டது, டிக்கெட்டும் போட்டாகிவிட்டது. முதல் வெளிநாட்டுப் பயணத்துக்குக் கிளம்பும் முன் வேறு என்ன பார்க்க வேண்டும்?

விசா கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதி விமான நிலையத்தின் செக்-இன் கவுண்டரில் இருக்கிறது. உங்களை விமானத்தில் ஏற்றுவதா வேண்டாமா என்று முதலில் முடிவு செய்பவர் அங்கே இருக்கும் ஊழியர்தான். சரியான ஆவணம் இல்லாதவரை ஏற்றிக்கொண்டு போனால் அவரைத் திருப்பி அழைத்து வரும் பொறுப்பு விமான நிறுவனத்தின் தலையில் விழும், பல நாடுகளில் அபராதமும் உண்டு. அதனால் டிமாட்டிக் என்ற தரவுத்தளத்தில் உங்கள் பாஸ்போர்ட், போகும் நாடு, வழியில் விமானம் மாறும் நாடு எல்லாவற்றையும் சரிபார்ப்பார்கள். அதில் இடித்தால் கெஞ்சிப் பயனில்லை. அவர் பார்க்கப்போவதை நீங்கள் இன்றைக்கே பார்த்துவிடுங்கள்.

முதலில் பாஸ்போர்ட் தேதி. காலாவதி ஆகவில்லை என்பது மட்டும் போதாது. சிங்கப்பூர், இந்தோனேசியா போன்ற நாடுகள் ஆறு மாதமாவது மிச்சம் இருக்க வேண்டும் என்கின்றன. ஐரோப்பாவில் ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஷெங்கன் நாடுகளில், அங்கிருந்து கிளம்பும் நாளுக்குப் பிறகும் மூன்று மாதம் செல்லுபடியாக வேண்டும்; பாஸ்போர்ட் கடந்த 10 ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாகவும் இருக்க வேண்டும். அப்புறம் பெயர். பாஸ்போர்ட்டில் படம் இருக்கும் பக்கத்தின் அடியில் அம்புக்குறிகளோடு இரண்டு வரிகள் இருக்கும். இயந்திரம் படிப்பது அதைத்தான். டிக்கெட்டில் உள்ள பெயரை அதில் பெயர் இருக்கும் முதல் வரியோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். பிழை இருந்தால் இப்போதே விமான நிறுவனத்தைக் கூப்பிட்டுத் திருத்துங்கள், கடைசி நாளில் அது பெரிய தலைவலி.

வழியில் விமானம் மாறுகிறீர்களா? அமெரிக்கா வழியாகப் போனால், விமானம் மாற மட்டும் இறங்கினாலும் குடியேற்றச் சோதனையைத் தாண்டியாக வேண்டும். அதற்குரிய விசாவோ அனுமதியோ இல்லாமல் முடியாது. இரண்டு விமானங்களுக்கும் தனித்தனியாக டிக்கெட் வாங்கியிருந்தால் இன்னும் கவனம் வேண்டும். பெட்டியை வெளியே வந்து எடுத்து மறுபடி போட வேண்டியிருக்கலாம். அப்படி வெளியே வர அந்த நாட்டின் விசா தேவைப்படலாம்.

மருந்து விஷயத்தை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, எனக்கு அதில்தான் அதிகக் கவலை. ஒரு நாட்டில் மருந்துக்கடையில் சாதாரணமாகக் கிடைப்பது இன்னொரு நாட்டில் கட்டுப்படுத்தப்பட்ட பொருளாக இருக்கும். மூக்கடைப்புக்குப் போடும் சூடோஎஃபெட்ரின் 10 சதவீதத்துக்கு மேல் கலந்த மருந்தை ஜப்பானுக்குக் கொண்டுபோகவே கூடாது. கோடீன் கலந்த மருந்துகளுக்கு ஐக்கிய அரபு அமீரகத்தில் முன்அனுமதி வேண்டும். வீட்டிலிருக்கும் மருந்தை எல்லாம் அள்ளிப் போடாமல், அட்டையின் பின்னால் மூலப்பொருளைப் படித்து, போகும் நாட்டின் தூதரகத் தளத்தில் தேடிப் பாருங்கள். தினமும் சாப்பிடும் மருந்தென்றால் அதன் மூலப்பெயரை எழுதிய மருத்துவர் கடிதத்தோடு, அசல் பெட்டியிலேயே, கைப்பையில் வையுங்கள். ஆப்பிரிக்காவிலோ தென் அமெரிக்காவிலோ மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடுகளுக்குப் போவதாக இருந்தால் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்கக்கூடும். ஊசி போட்ட பத்தாவது நாளிலிருந்துதான் அது செல்லும். அதனால் கடைசி வாரம் வரை தள்ளிப்போட வேண்டாம்.

காப்பீட்டில் விலையை மட்டும் பார்க்காதீர்கள். ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பு கேட்கிறார்கள். அதைவிட முக்கியம், ஏற்கெனவே இருக்கும் நோய்க்குப் பணம் தருவார்களா என்பது. சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இருந்தால் பாலிசியில் அந்தப் பத்தியைத் தேடிப் படியுங்கள்.

பவர் பேங்க் கைப்பையில்தான் போக வேண்டும், செக்-இன் பெட்டியில் வைக்கக் கூடாது. வரம்பு 100 வாட்-மணி. பவர் பேங்கின் மேல் mAh என்று போட்டிருக்கும் மில்லி ஆம்பியர்-மணிக் கணக்கை 3.7ஆல் பெருக்கி 1000ஆல் வகுத்தால் வாட்-மணி வரும். 20,000 என்று போட்டிருந்தால் 74தான், கவலையில்லை. ஆனால் மேலே இடமில்லை என்று கடைசி நேரத்தில் வாசலில் உங்கள் கைப்பெட்டியை வாங்கிச் சரக்கறையில் போடுவார்கள். அப்போது பவர் பேங்கை மறக்காமல் வெளியே எடுத்துவிடுங்கள்.

வங்கி அனுப்பும் ஓடிபி வந்து சேர வேண்டும் என்றால் உங்கள் பழைய சிம்மில் ரோமிங் இயங்க வேண்டும். இணையத்துக்கு மட்டும் இ-சிம் (அட்டை இல்லாமல் போனிலேயே ஏற்றிக்கொள்ளும் சிம்) வாங்கிக்கொண்டால் போதும். அங்கே கார்டு தேய்க்கும்போது “உங்கள் நாட்டு நாணயத்தில் கட்டுகிறீர்களா?” என்று திரையில் கேட்கும். பார்க்க வசதியாகத் தெரியும், ஆனால் பெரும்பாலும் மாற்று விகிதத்தில் கூடுதலாகப் பிடித்துவிடுவார்கள். உள்ளூர் நாணயத்தையே தேர்ந்தெடுங்கள்.

பாஸ்போர்ட், விசா, காப்பீடு மூன்றையும் படம் எடுத்து இணையம் இல்லாமலும் திறக்கும்படி போனில் வையுங்கள், காகித நகல் ஒன்று தனிப் பையில் இருக்கட்டும். பாஸ்போர்ட் தொலைந்தால் முதலில் அங்குள்ள காவல் நிலையத்தில் புகார் கொடுத்து அதன் நகலை வாங்குங்கள், பிறகு உங்கள் நாட்டுத் தூதரகத்துக்குப் போங்கள். தூதரகத்தின் அவசர எண்ணை இப்போதே அந்தக் காகித நகலின் பின்பக்கத்தில் எழுதிவிடுங்கள்.