டெலஸ்கோப் வாங்கலாமா சார்?

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை எல்லையோரத்து ஊர்களிலிருந்து. நானும் செங்கோட்டைக்காரன்தான், வருஷத்தில் நாலு மாசம் சாரலைத் திட்டிக்கொண்டே வானம் பார்க்கிறவன், அதனால் இதழ் முழுக்க நம் மலையோரத்துக் கதையாகப் போனால் சமவெளிக்காரர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எட்டாம் வகுப்பு படிக்கும் மகள் டெலஸ்கோப் கேட்கிறாள். ஆன்லைனில் '675 மடங்கு பெருக்கும்' என்று ஒன்று மலிவாக வருகிறது, பெட்டியில் சனி வளையத்தோடு பளபளவென்று இருக்கிறது. வாங்கித் தரலாமா சார்?
*ஏலக்காய் வியாபாரி, கூடலூர், தேனி மாவட்டம்*

தேனி மாவட்டம் என்று எழுதியதற்கு நன்றி. நீலகிரிக் கூடலூர் என்று நினைத்திருந்தால் பதிலில் பாதி பனிமூட்டத்தைப் பற்றியே போயிருக்கும்.

அந்த 675 எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். குழாயின் குவியத் தூரம் 900 மி.மீ., கூடத் தருகிற சின்ன ஐபீஸ், அதாவது கண் வைத்துப் பார்க்கிற லென்ஸ், 4 மி.மீ. இரண்டையும் வகுத்தால் 225. அதோடு ஒரு பிளாஸ்டிக் பார்லோ லென்ஸ் தருவார்கள், அது பெருக்கத்தை மூன்று மடங்காக்கும், ஆக 675. கணக்கில் பொய் இல்லை, காட்சியில்தான் பொய். உங்கள் தொழிலில் 8 மி.மீ. காய் என்றால் அது சல்லடையில் நின்று காட்ட வேண்டும் இல்லையா, இங்கேயும் பார்க்க வேண்டியது மி.மீ. தான்: முன்கண்ணாடியின் விட்டம். ஒரு மி.மீ.க்கு இரண்டு மடங்கு, அதற்கு மேல் எதுவும் தெளிவாகத் தெரியாது. 70 மி.மீ. குழாய் என்றால் 140, அதுவும் வானம் அசையாமல் நின்றால். 675 வைத்தால் சனி ஒரு மங்கிய மஞ்சள் கறை, அதுவும் நடுங்கிக்கொண்டே இருக்கும்.

நடுங்குவதுதான் பெரிய வியாதி. மலிவுப் பெட்டிகளில் குழாயைவிட மட்டம் அதன் கால். கடையில் நேரில் பார்க்க முடிந்தால் குழாயின் ஓரத்தில் விரலால் ஒரு தட்டு தட்டுங்கள். இரண்டு மூன்று விநாடியில் காட்சி அடங்க வேண்டும். அடங்காமல் ஆடிக்கொண்டே இருந்தால் திருப்பிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

மகளுக்கு நான் சொல்வது மேஜை மேல் வைக்கிற சின்ன டாப்சன், 114 அல்லது 130 மி.மீ. கண்ணாடி. பீரங்கி மாதிரி ஒரு மரப்பெட்டியில் உட்கார்ந்திருக்கும், கையால் தள்ளினால் திரும்பும், மோட்டார் கிடையாது, கெட்டுப்போக எதுவும் இல்லை. 40, 50 மடங்கிலேயே சனியின் வளையம் தெரியும், 2025 மார்ச்சில் அது பக்கவாட்டில் திரும்பிக் கோடு போல மெலிந்துவிட்டது, இனி வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாக விரிந்து கொடுக்கும். கையில் இருக்கும் பணம் அதற்குப் பற்றவில்லையென்றால் ஒரு 10x50 பைனாகுலர் வாங்கி, மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் முழங்கையை ஊன்றி வியாழனைப் பார்க்கச் சொல்லுங்கள். கலிலியோ 1610 ஜனவரியில் பார்த்த அந்த நாலு நிலாக்களில் இரண்டு மூன்றாவது நிச்சயம் தெரியும். அது பிடித்துப்போய் அவள் மறுபடி மறுபடி மாடிக்குப் போனால் அப்புறம் டெலஸ்கோப் வாங்கலாம்.

என்னிடம் டிஎஸ்எல்ஆர் இருக்கிறது, கிட் லென்ஸும் ஒரு 50 மி.மீ. லென்ஸும். பால்வெளியையும் ஓரியன் நெபுலாவையும் படம் எடுக்க ஆசை. டெலஸ்கோப் வாங்கவா, ட்ராக்கர் வாங்கவா அண்ணா?
*கல்லூரி மாணவர், புளியரை*

தம்பி, இரண்டும் இப்போது வேண்டாம். கோபப்படாமல் முழுசாகப் படி.

கேமராவை ஆடாத டிரைபாடில் வைத்து எவ்வளவு நேரம் திறந்து வைத்தால் நட்சத்திரம் கோடாக இழுக்காது என்பதற்கு ஒரு மொட்டைக் கணக்கு உண்டு: 500-ஐ லென்ஸின் மி.மீ.யால் வகு, உன் கேமராவில் சின்ன சென்சார் என்றால் அதை மறுபடி ஒன்றரையால் வகு. 18 மி.மீ.க்கு சுமார் 18 விநாடி, 50 மி.மீ.க்கு ஆறே முக்கால். ஆறு விநாடியில் என்ன வரும் என்று கேட்பாய். ஒரு படத்தில் ஒன்றும் வராது. நூறு படம் எடுத்து ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினால் பத்து நிமிஷ வெளிச்சம் சேர்ந்துவிடும். அடுக்குவதற்கு டீப்ஸ்கைஸ்டாக்கர், சிரில் இரண்டுமே இலவசம். லென்ஸ் மூடியைப் போட்டு அதே நேரத்துக்கு இருபது இருட்டுப் படங்களும் எடுத்துக்கொள், சென்சாரின் சூட்டுப் புள்ளிகளை அவை கழித்துவிடும். ஃபோகஸை தானியங்கியில் விடாதே. பிரகாசமான ஒரு நட்சத்திரத்தைத் திரையில் பெரிதாக்கி, அது மிகச் சின்னப் புள்ளியாகும் இடத்தில் லென்ஸின் ஃபோகஸ் வளையத்தின் மேல் ஒரு துண்டு டேப்பை ஒட்டிவிடு. இருட்டில் கை பட்டு நகர்ந்து, விடியற்காலை வீட்டுக்கு வந்து பார்த்தால் நூறு படமும் பஞ்சு மிட்டாயாக இருக்கிற துக்கம் எனக்குத் தெரியும்.

ஓரியனின் வாளில் இருக்கிற நெபுலா, அதாவது வாயு மேகம், இந்த முறையிலேயே வெளுத்த ரோஜா நிறத்தில் விழும். திருவாதிரை நட்சத்திரம் தெரியும் இல்லையா, அதற்கும் ரைஜலுக்கும் நடுவில் மூன்று நட்சத்திரம் வரிசையாக நிற்கும், அதற்குக் கீழே தொங்குவதுதான் வாள். நெபுலாக்களின் ஆழ்ந்த சிவப்பு, 656 நானோமீட்டர் ஹைட்ரஜன் ஒளி, சாதாரணக் கேமராக்களின் உள் வடிகட்டியில் பெரும்பகுதி அடிபட்டுப் போய்விடும். அதற்காக இப்போதே கேமராவைப் பிரித்து வடிகட்டியை எடுக்கப் போகாதே.

இனி ட்ராக்கர், அதாவது வானம் சுழல்வதற்கு ஏற்பக் கேமராவைத் திருப்பிக்கொண்டே போகிற கருவி. வடஇந்தியாவிலிருந்து வரும் வீடியோக்களைப் பார்த்துவிட்டு நம் ஆட்கள் ஏமாறுவது இதில்தான். ட்ராக்கரின் அச்சு வான துருவத்தைப் பார்க்க வேண்டும், அதற்குத் துருவ நட்சத்திரம் வேண்டும். ஒரு ஊரின் அட்சரேகை எத்தனை டிகிரியோ, ஏறக்குறைய அத்தனை டிகிரி உயரத்தில்தான் அது அங்கே நிற்கும். டெல்லியில் 28. புளியரையில் 9. கையை நீட்டி முஷ்டியை மடக்கிப் பிடித்தால் அந்த முஷ்டியின் அகலம்தான் மொத்த உயரம், அதற்குள் தென்னந்தோப்பு, பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி, அடிவானப் புழுதி எல்லாம் வந்துவிடும். செங்கோட்டையில் என் மாடியிலிருந்து அதை நான் பார்த்த இரவுகளை விரல் விட்டு எண்ணலாம்.

அதனால் என்றைக்காவது ட்ராக்கரோ, டெலஸ்கோப்பை அதே மாதிரி திருப்புகிற ஈக்வடோரியல் மவுண்டோ வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது அது எத்தனை டிகிரி அட்சரேகை வரை கீழே சாயும் என்பது. சில மவுண்ட்கள் 15 டிகிரியோடு நின்றுவிடும், எத்தனை விலை கொடுத்திருந்தாலும் நமக்கு அது இரும்புக் கட்டி. சாய்கிறவற்றிலும், இவ்வளவு தாழ்வாக வைக்கும்போது எடைக்கல் தண்டு டிரைபாட் காலில் இடிக்கிறதா என்று திருப்பிப் பார்த்துவிடு. துருவ நட்சத்திரமே தெரியாமல் அச்சை நேராக்கவும் வழி இருக்கிறது. காம்பஸை வைத்து வடக்கைப் பிடி, இந்தப் பக்கம் காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் ஓரிரு டிகிரிதான் வித்தியாசம். மொபைலில் சாய்மானம் பார்க்கும் ஆப்பை வைத்து 9 டிகிரி வை. அகல லென்ஸுக்கு அதுவே தாராளம். டெலஸ்கோப் வழியாக எடுக்கிற காலம் வந்தால், நினா என்ற இலவச மென்பொருள் வானத்தில் எந்தப் பக்கத்தையாவது மூன்று இடத்தில் படம் பிடித்து, அச்சு எவ்வளவு விலகியிருக்கிறது என்று சொல்லிவிடும்.

துருவம் தாழ்ந்த குறைக்குப் பதிலாகத் தெற்கு நமக்குத் தாராளமாகக் கொடுத்திருக்கிறது. அகத்திய நட்சத்திரம், அதாவது கனோபஸ், டெல்லிக்காரர் அடிவானத்தில் தேட வேண்டியது, இங்கே 28 டிகிரி உயரத்தில் பொதிகைப் பக்கம் நின்று எரிகிறது. தெற்குச் சிலுவை, கரினா நெபுலா, ஒமேகா சென்டாரி நட்சத்திரக் கொத்து எல்லாம் உன் 50 மி.மீ. லென்ஸுக்குள் வரும். பால்வெளியின் நடுப்பகுதிக்கு மார்ச், ஏப்ரல் அதிகாலை மூன்று மணியை விட்டுவிடாதே. ஜூனில் அது சாயங்காலமே எழும், ஆனால் அப்போது ஆரியங்காவுக் கணவாய் வழியாக மேகம்தான் வரும். நவம்பர் முதல் மகரவிளக்கு வரை ஐயப்ப பக்தர்களின் வண்டி வெளிச்சம் எஸ் வளைவில் இரவெல்லாம் சுழன்றுகொண்டிருக்கும், அந்தப் பக்கம் கேமராவைத் திருப்பாதே.

இப்போது காசு செலவழிக்க வேண்டுமென்றால் நல்ல கனமான டிரைபாடுக்குச் செலவழி. கேமராவில் இரண்டு விநாடித் தாமதத்தைப் போட்டுவிட்டால் ரிமோட் கூட உடனே தேவையில்லை.

பெங்களூரில் ஒருவர் பழைய 8 அங்குல டாப்சனை விற்கிறார். வாங்கலாமா? காவலூர் எங்களுக்குப் பக்கம்தான், அங்கே தெரிவது போல எங்கள் வீட்டிலும் தெரியுமா?
*குப்பம், ஆந்திரம்*

வாங்கலாம். பகலில் போகாமல் இரவில் போங்கள். கண்ணாடியில் டார்ச் அடித்துப் பார்த்தால் புதுக் கண்ணாடி கூட அழுக்காகத்தான் தெரியும், அதைக் காட்டி விலை குறைப்பது நியாயமில்லை. பூச்சு உரிந்திருக்கிறதா, வலை போலப் பூஞ்சை ஓடியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பிறகு ஒரு நட்சத்திரத்தை நடுவில் வைத்து வேண்டுமென்றே ஃபோகஸைக் கலையுங்கள். வட்டமும் அதன் நடுவில் கறுப்புப் பொட்டும் வரும். பொட்டு ஓரமாக இருந்தால் கண்ணாடிகளின் நேர்கோடு விலகியிருக்கிறது, பின்பக்கத் திருகுகளைத் திருகினால் சரியாகிவிடும், பயப்பட ஒன்றுமில்லை. வட்டமே நசுங்கிய முட்டையாக இருந்தால் அப்போதுதான் யோசிக்க வேண்டும்.

காவலூர் வானாய்வகத்து விஷயம்: வானியலாளர் வைணு பாப்பு பெயரில் இருக்கும் அந்தப் பெரிய தொலைநோக்கியின் கண்ணாடி 2.34 மீட்டர். உங்கள் 8 அங்குலத்தைவிட சுமார் 130 மடங்கு ஒளியைப் பிடிக்கும். ஆனால் 1977-இல் யுரேனஸுக்கு வளையம் உண்டு என்று தெரியவந்த அந்த இரவில் காவலூரில் பதிவு செய்தது அங்கிருந்த 1 மீட்டர் கருவி, பெரியது வருவதற்கு முன்பே. உங்கள் 8 அங்குலமும் வெறும் கண்ணைவிட 800 மடங்குக்கு மேல் ஒளி சேர்க்கும். அது போதும், ஆனால் நெபுலாவும் கேலக்ஸியும் சாம்பல் நிறப் புகையாகத்தான் தெரியும், பத்திரிகையில் வரும் நிறங்களைக் கண் பிடிக்காது. இதை வீட்டில் எல்லோருக்கும் முதலிலேயே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் 'இதுக்கா இவ்வளவு செலவு' என்று ஆரம்பித்துவிடுவார்கள்.

பள்ளியில் 70 மி.மீ. டெலஸ்கோப் இருக்கிறது, கூடவே ஐபீஸில் திருகுகிற சின்னக் கறுப்பு சூரிய வடிகட்டியும். 2019 கிரகணத்தை எங்கள் பிள்ளைகள் கிரகணக் கண்ணாடி போட்டுப் பார்த்தார்கள். அடுத்ததற்கு இதைப் பயன்படுத்தலாமா?
*தமிழாசிரியை, கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு*

டீச்சர், அந்தக் கறுப்பு வடிகட்டியை இன்றைக்கே சுத்தியலால் உடைத்துக் குப்பையில் போடுங்கள். டெலஸ்கோப் சேர்த்துக் குவித்த வெயில் முழுக்க அந்தச் சின்னக் கண்ணாடி மேல் விழுகிறது, சூட்டில் அது விரிசல் விடும், விடுகிற நொடியில் ஒரு பிள்ளையின் கண் அங்கே இருக்கும். வடிகட்டி எப்போதும் குழாயின் முன்வாயில், வெயில் உள்ளே நுழையும் முன்பே இருக்க வேண்டும். அதற்கென்றே பாடர் அஸ்ட்ரோசோலார் மாதிரி வெள்ளித் தாள் போன்ற ஃபிலிம் விற்கிறது, அட்டையில் வளையம் செய்து ஒட்டி, பாலக்காட்டுக் காற்றில் பறக்காமல் டேப் சுற்றிக் கட்டுங்கள். பக்கத்தில் குறிபார்க்க இருக்கிற சின்ன ஃபைண்டர் குழாயின் மூடியையும் போட்டுவிடுங்கள், எல்லோரும் மறக்கிற இடம் அது.

2031 மே 21 அன்று நம் பக்கத்தில் அடுத்த வளைய கிரகணம், பாதை 2019-ஐ விடத் தெற்கே இறங்கி மதுரைப் பக்கமாகப் போகிறது. அதுவரை சூரியப் புள்ளிகளைப் பார்க்கலாம்.

என் அப்பாவின் பழைய லென்ஸுக்குள் நூலாம்படை மாதிரி ஏதோ ஓடுகிறது. துடைத்தாலும் போகவில்லை.
*களியக்காவிளை*

பூஞ்சை. உள்பக்கம் இருப்பதால் துடைத்துப் போகாது. லென்ஸைப் பிரித்துச் சுத்தம் செய்யத் தெரிந்த ஆளிடம் கொடுங்கள், ரொம்ப நாள் ஆகியிருந்தால் கண்ணாடிப் பூச்சையே அரித்திருக்கும், அது திரும்பாது. என் முதல் 70 மி.மீ. குழாயை ஒரு சாரல் காலம் முழுக்க பீரோவில் துணி சுற்றி, அதுவும் பத்திரமாக என்று நினைத்து, பூட்டி வைத்தேன். செப்டம்பரில் திறந்தபோது முன்கண்ணாடியின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி வெள்ளை வேர்கள். துணி ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டது, பீரோ இருட்டைக் கொடுத்தது, பூஞ்சைக்கு வேறென்ன வேண்டும்.

இப்போது என் வழக்கம் இது. வெளியிலிருந்து வந்ததும் மூடியைப் போடாமல் விசிறிக்கு அடியில் ஒரு மணி நேரம் வைப்பேன், பனி உலர்ந்த பிறகுதான் மூடி. அப்புறம் ரப்பர் விளிம்பு வைத்த, இறுக்கி மூடுகிற பிளாஸ்டிக் டப்பா, உள்ளே கால் கிலோ சிலிகா ஜெல், நிறம் மாறுகிற வகை. நீலம் வெளிறி ரோஜா நிறமானால் வாணலியில் போட்டு மிதமான சூட்டில் வறுத்தெடுத்தால் மறுபடி நீலமாகிவிடும். அதற்கென்று ஒரு பழைய வாணலியைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், சமையலுக்கு எடுத்துவிடாதீர்கள். எங்கள் வீட்டில் அதன் கைப்பிடியில் சிவப்புத் துணி கட்டியிருக்கிறது.