படம் பார்த்ததும் கிளம்பத் தோன்றுகிறதா? சில கேள்விகள், பதில்கள்

அண்ணா, 'மூன்றாம் பிறை' கடைசிக் காட்சியில் வரும் ஸ்டேஷன் இன்னும் இருக்கிறதா? மேட்டுப்பாளையம் ரயிலில் டிக்கெட்டே கிடைப்பதில்லை. (திருப்பூர்)

இருக்கிறது. குன்னூரிலிருந்து ஊட்டி போகும் வழியில், அரவங்காட்டைத் தாண்டியதும் வரும் கேத்தி ஸ்டேஷன். 1982-இல் கமல் தலையில் பானையோடு ஆடிக்காட்டியது அங்கேதான். அதைப் பார்க்க மேட்டுப்பாளையத்தில்தான் ஏறவேண்டும் என்றில்லை. குன்னூர்–ஊட்டி மட்டும் ஓடும் வண்டிகள் உண்டு, அவற்றில் இடம் பிடிப்பது அவ்வளவு கஷ்டமில்லை.

ஆனாலும் ஒருமுறை முழுப் பாதையிலும் போய்விடுங்கள். கல்லாறு தாண்டியதும் தண்டவாளத்தைக் கவனியுங்கள். இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவில் பல் பல்லாக ஒரு இரும்புப் பட்டை ஓடும். இன்ஜினின் பல்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டுதான் மேலே ஏறுகிறது. இன்ஜின் முன்னால் இழுக்காது, பின்னாலிருந்து தள்ளும். அதனால் முதல் பெட்டியில் இருப்பவர்களுக்கு எதிரே வெறும் மலைதான். 46 கிலோமீட்டருக்கு ஐந்து மணி நேரம் ஆகும். நடுவில் இன்ஜின் தண்ணீர் குடிக்க நிற்கும்போது எல்லாரும் இறங்கிவிடுவார்கள். கையில் வடை வைத்திருந்தால் குரங்கிடம் ஜாக்கிரதை. 'உயிரே' படத்தின் 'தையா தையா' ஆட்டமும் இதே பாதைதான். அதற்காகக் கூரையில் ஏறிவிடாதீர்கள்.

'மஞ்ஞும்மல் பாய்ஸ்' பார்த்ததிலிருந்து ஃப்ரெண்ட்ஸ் எல்லாரும் கொடைக்கானல் என்று குதிக்கிறோம். குணா குகைக்குள் எவ்வளவு தூரம் விடுவார்கள் சார்? (சென்னை, கல்லூரி மாணவர்)

ஒரு அடிகூட விடமாட்டார்கள், தம்பி. வெள்ளைக்காரர்கள் டெவில்ஸ் கிச்சன் என்று அழைத்த இடம் அது. 1991-இல் 'குணா' வந்த பிறகு பெயரே மாறிப்போனது. பாறைப் பிளவுகள் குறுகலாக, ஆழம் தெரியாமல் இறங்குகின்றன. மேலே பாசியும் ஈரமும். நீங்கள் பார்த்த படத்தில் ஒரு நண்பன் குழிக்குள் விழுவது 2006-இல் உண்மையாகவே நடந்தது. அதைப் பார்த்துவிட்டும் ரீல்ஸ் எடுக்க வேலி தாண்டுகிறவர்களை என்ன சொல்வது? சிலர் மேல் வழக்கே பாய்ந்தது.

வேலிக்கு இந்தப் பக்கமே ரசிக்க இருக்கிறது. மரவேர்கள் தரைக்கு மேலே எழுந்து பின்னிக் கிடப்பதைப் பாருங்கள். காலை வெயில் ஏறுவதற்குள் போனால் கூட்டமும் குறைவு. சொந்த வண்டி என்றால் கொடைக்கானலுக்கு இ-பாஸ் எடுக்கவேண்டும். அரசு பஸ்ஸில் போனால் அந்த வேலை மிச்சம்.

'ரோஜா' பார்த்த நாளிலிருந்து காஷ்மீர் ஆசை. அந்தப் பனி எந்த ஊர்? (மதுரை)

மணாலி! அந்தச் சமயத்தில் காஷ்மீரில் படமெடுக்கும் நிலைமை இல்லை. '16 வயதினிலே' மயிலின் கிராமம்கூட கர்நாடகத்தில், கொள்ளேகால் பக்கம் எடுத்ததுதான். காஷ்மீருக்குத் தாராளமாகப் போங்கள், ஆனால் படத்தில் பார்த்த இடத்தைத் தேடாதீர்கள்.

'தி பீச்' படத்தில் வரும் தாய்லாந்துக் கடற்கரைக்குப் போகவேண்டும். செப்டம்பரில்தான் லீவு. (சிங்கப்பூர்)

லீவை மாற்றுங்கள். அந்தக் கடற்கரையான மாயா பே ஆண்டுதோறும் ஆகஸ்ட், செப்டம்பரில் மூடியிருக்கும். 2000-இல் படம் வந்த பிறகு குவிந்த கூட்டம், ஒரு கட்டத்தில் நாளைக்கு ஐயாயிரம் பேர் வரை போனது. படகுகளும் நங்கூரங்களும் பவளப்பாறைகளை நாசமாக்க, 2018 ஜூனில் இழுத்து மூடிவிட்டார்கள். 2022 ஜனவரியில்தான் திறந்தார்கள். இப்போது படகு விரிகுடாவுக்குள் வராது. தீவின் பின்பக்கம் இறங்கி நடந்து வரவேண்டும், நீந்த முடியாது. நல்ல பக்கமும் உண்டு. ஆள் நடமாட்டம் நின்றதும் சின்னச் சுறாக்கள் கரையோரம் திரும்பி வந்துவிட்டன. இத்தனைக்கும் படக்குழுவே அங்கே மணல்மேட்டைக் கலைத்துத் தென்னை நட்டு 'அழகுபடுத்தி'யது, வழக்கு நீதிமன்றம் வரை போனது. நல்ல படம், கெட்ட விருந்தாளி.

கல்யாண நாளுக்கு மனைவியை 'விண்ணைத்தாண்டி வருவாயா' சர்ச்சுக்கு அழைத்துப் போக ஆசை. ஹவுஸ்போட் எடுத்தால்தான் நன்றாக இருக்குமா? (ஈரோடு)

அது குட்டநாட்டில், புளிங்குன்னு செயின்ட் மேரீஸ் சர்ச். ஹவுஸ்போட் காசை அப்படியே மிச்சம் பிடியுங்கள். அரசுப் படகில் போய்ப் பாருங்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள், காய்கறிப் பை, மீன்கூடை எல்லாம் உங்களோடு பயணம் செய்யும். இருபுறமும் கரை மேட்டுக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தால் வயல்கள் நீங்கள் மிதக்கும் தண்ணீரைவிடக் கீழே கிடக்கும். கடல் மட்டத்துக்குக் கீழே நெல் விளைகிற ஊர் அது. ஞாயிறு பூசை நேரத்தில் கேமராவை வெளியே எடுக்காதீர்கள். பாட்டுக் காட்சியில் வந்த மால்டாவையும் அம்மணி கேட்டால், அதற்கு நான் பொறுப்பில்லை.

'புன்னகை மன்னன்' அருவிக்குப் பொள்ளாச்சியிலிருந்து பைக்கில் போகலாமா அண்ணா?

அதிரப்பள்ளிதானே? வால்பாறை, மளுக்கப்பாறை, வாழச்சால் வழியாகக் காட்டுப் பாதை இருக்கிறது. மார்ச், ஏப்ரலில் போனால் தண்ணீர் மெலிந்திருக்கும், மழைக்காலம் அடங்கியபின் செப்டம்பர், அக்டோபரில் போங்கள். யானை நடமாடும் காடு. பைக்கை விடுகிறார்களா என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். செக்போஸ்ட்டை மாலையில் மூடிவிடுவார்கள், அதனால் விடியற்காலையே கிளம்பிவிடுங்கள்.