டெஸ்ட் எல்லாம் நார்மல், அப்புறம் எப்படி மாரடைப்பு?

கேள்வி: என் அண்ணனுக்கு 52 வயது. கம்பெனி செக்கப்பில் ஈசிஜி, எக்கோ, ட்ரெட்மில் எல்லாம் எடுத்து 'நார்மல்' என்று கொடுத்தார்கள். சில மாதங்களிலேயே மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தாயிற்று. ஸ்கேன், ஆராய்ச்சி என்று இவ்வளவு வந்தும் இதை முன்கூட்டியே பார்க்க முடியாதா?
– வாசகி, தேனி

பதில்: அந்த டெஸ்ட்கள் பொய் சொல்லவில்லை, அவை பார்ப்பதே வேறு. ஈசிஜி இதயத்தின் மின்னோட்டத்தைப் பதிவு செய்கிறது. எக்கோ அறைகளையும் வால்வுகளையும் தசை சுருங்குவதையும் காட்டும். ட்ரெட்மில்லில் நடக்கவிடுவது, உழைக்கும்போது இதயத் தசைக்கு ரத்தம் பற்றாமல் போகிறதா என்று பார்க்க. இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோனரி குழாய் நன்றாகக் குறுகியிருந்தால்தான் அது பிடிபடும். ஆனால் மாரடைப்பு பலருக்கு மெல்ல மெல்ல அடைத்துக்கொண்டு வருவதில்லை. குழாயின் சுவருக்குள் கொழுப்புப் படிவு ஒன்று மெல்லிய மூடியோடு கிடக்கும், வழியையும் பெரிதாக மறிக்காது, ஒருநாள் பரு உடைவதுபோல உடையும், அந்த இடத்தில் ரத்தம் உறைந்து கொஞ்ச நேரத்தில் குழாயையே மூடிவிடும். முந்தின வாரம் ட்ரெட்மில்லில் ஏற்றியிருந்தாலும் நார்மல் என்றே வந்திருக்கக்கூடும்.

ஆஞ்சியோ, அதாவது ரத்தக்குழாய்க்குள் சாயம் விட்டு எடுக்கும் எக்ஸ்ரே படம், எடுத்திருந்தால் தெரிந்திருக்குமே என்பீர்கள். 1958-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் மேசன் சோன்ஸ் என்ற டாக்டர் வேறொரு சோதனை செய்துகொண்டிருந்தபோது, சாயம் தவறுதலாக நோயாளியின் வலது கரோனரி குழாய்க்குள் போய்விட்டது. இதயம் நின்றே போகும் என்று எல்லோரும் பதறினார்கள், நோயாளி பிழைத்துக்கொண்டார், நமக்கு கரோனரி ஆஞ்சியோகிராம் கிடைத்தது. ஆனால் அதில் தெரிவது சாயம் ஓடும் வழி மட்டும்தான், சுவருக்குள் என்ன இருக்கிறது என்பது தெரியாது. அதனால் ரொம்ப காலம் நாம் எல்லோருமே 'எத்தனை சதவீத அடைப்பு' என்றே பேசிப் பழகிவிட்டோம்.

சிடி ஸ்கேனரில் எடுக்கும் சிடி ஆஞ்சியோகிராம் வந்த பிறகுதான், இதயக் குழாய்க்குள் கருவி எதையும் விடாமலே சுவரைப் பார்க்க முடிந்தது. ஸ்காட்லாந்தில் 'ஸ்காட்-ஹார்ட்' என்று ஓர் ஆய்வு, எடின்பரோவில் டேவிட் நியூபி என்ற பேராசிரியர் தலைமையில் நடந்தது. நெஞ்சுவலி என்று வந்த 4,146 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு வழக்கமான சிகிச்சை, இன்னொரு பாதிக்கு அதோடு சிடி ஆஞ்சியோவும் கொடுத்தார்கள். ஐந்து வருடம் கழித்து 2018-இல் முடிவை வெளியிட்டார்கள். மாரடைப்பு வந்தவர்களும் இதய நோயால் இறந்தவர்களும் சேர்த்து, வழக்கமான பிரிவில் நூற்றுக்கு 3.9, சிடி எடுத்த பிரிவில் 2.3. இதில் எனக்குப் பிடித்த விஷயம், ஸ்டென்ட், பைபாஸ் எண்ணிக்கை இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். வித்தியாசம் மாத்திரையில் இருந்தது. படத்தில் படிவைப் பார்த்துவிட்டதால் நிறைய பேருக்கு ஸ்டேட்டின் (கொலஸ்ட்ராலைக் குறைக்கும் மாத்திரை) போன்ற தடுப்பு மருந்துகளை ஆரம்பித்திருக்கிறார்கள். அதே ஆட்களின் படங்களை மறுபடி அலசியதில், சிடியில் கறுத்துத் தெரியும் கொழுப்பு மிகுந்த படிவு ஓர் அளவுக்கு மேல் இருந்தவர்களுக்கு மாரடைப்பு வாய்ப்பு ஏறக்குறைய ஐந்து மடங்கு என்று 2020-இல் வந்தது.

இதைப் படித்துவிட்டு நாளைக்கே லேபில் போய் நிற்காதீர்கள். அந்த ஆய்வில் இருந்தவர்கள் நெஞ்சுவலியோடு வந்தவர்கள். கதிர்வீச்சு இருக்கிறது, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குச் சாயம் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். ஆனால் ஒன்று, அண்ணனுக்கு 55-க்கு முன்பே வந்திருப்பதால், மருத்துவக் கணக்கில் உங்களுக்கும் அது குடும்ப வரலாறு. உங்கள் டாக்டரிடம் இதை முதல் வரியிலேயே சொல்லுங்கள்.

கேள்வி: துடித்துக்கொண்டே இருக்கும் இதயத்தை சிடியில் ஆடாமல் எப்படிப் படம் எடுக்கிறார்கள்?
– பிளஸ் டூ மாணவர், சேலம்

பதில்: இதயத்தை நிறுத்த முடியாது, வேகத்தைக் குறைக்கலாம். துடிப்பு நிமிடத்துக்கு 60 பக்கம் வரும்படி மெட்டோப்ரோலால் போன்ற மாத்திரை கொடுப்பார்கள். நாக்குக்கு அடியில் நைட்ரோகிளிசரின் வைத்தால் குழாய்கள் விரியும். அவற்றின் அகலமே சில மில்லிமீட்டர்தான், அதனால் இது பெரிய உதவி. பிறகு மூச்சைப் பிடிக்கச் சொல்லி, ஈசிஜியைப் பார்த்துக்கொண்டே, இரண்டு துடிப்புக்கு நடுவில் இதயம் சற்று ஓய்ந்திருக்கும் அந்த நொடிப்பகுதியின் தகவலை மட்டும் எடுத்துக்கொள்வார்கள்.

கேள்வி: அந்தக் காலத்தில் உரமில்லாத சோறு, உழைப்பு, அதனால் மாரடைப்பே கிடையாது என்கிறார் என் மாமனார். உண்மையா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: மாமனாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள், பாதி தப்பு, பாதி சரி.

கெய்ரோ அருங்காட்சியகத்தில் மெர்னெப்தா என்ற ஃபாரோவின் (பழைய எகிப்து அரசர்) பெயர்ப்பலகையில், அவருக்கு ரத்தக்குழாய் தடிப்பு இருந்தது என்று எழுதியிருந்தது. அதைப் படித்த இதய மருத்துவர்கள் சிலர் நம்பாமல் மம்மிகளை சிடி ஸ்கேனரில் படுக்கவைத்தார்கள். எகிப்தோடு நிற்காமல் பெரு, வட அமெரிக்காவின் தென்மேற்குப் பகுதி, அலாஸ்கா பக்கத்து அலூஷியன் தீவுகள் என்று 137 மம்மிகள். 2013-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்த கணக்குப்படி 47 பேருக்கு, அதாவது மூன்றில் ஒருவருக்கு, குழாய்ச் சுவரில் கால்சியம், அதாவது பழைய கொழுப்புப் படிவில் ஏறும் சுண்ணாம்பு. அலூஷியன் தீவுக்காரர்கள் வேட்டையாடியும் மீன்பிடித்தும் வாழ்ந்தவர்கள், அவர்களிடமும் இருந்தது. (மம்மி மூச்சைப் பிடிக்க வேண்டியதில்லை, அது ஒரு சௌகரியம்.)

மாமனார் சொல்வதில் சரியான பாதி பொலிவியாவில் இருக்கிறது. அமேசான் காட்டில் சிமானே என்ற பழங்குடியினர் வேட்டை, மீன்பிடி, சிறு விவசாயம் என்று வாழ்கிறார்கள். ஆண்கள் ஒரு நாளைக்கு ஆறேழு மணி நேரம் உடலை அசைத்துக்கொண்டே இருப்பவர்கள். 705 பேரை ஆற்று வழியாகவும் ஜீப்பிலும் கூட்டி வந்து சிடி எடுத்தார்கள். 2017-இல் வந்த முடிவு, 85 சதவீதம் பேருக்குக் கரோனரி குழாய்களில் கால்சியமே இல்லை. 40 வயது முதல் 94 வரை உள்ளவர்கள் இவர்கள்! இத்தனைக்கும் அங்கே தொற்றுநோயும் குடற்புழுவும் அதிகம், இதயம் நன்றாக இருப்பதால் வாழ்க்கை சுகம் என்று அர்த்தமில்லை.

கேள்வி: இந்த ஆராய்ச்சியெல்லாம் வெள்ளைக்காரர்களை வைத்துத்தானே? நமக்குப் பொருந்துமா?
– வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: நியாயமான சந்தேகம். ஸ்காட்-ஹார்ட் பெரும்பாலும் அப்படித்தான். அந்தக் குறையை உணர்ந்தே 2010-இல் அமெரிக்காவில் 'மசாலா' என்ற ஆய்வைத் தொடங்கினார்கள் (ஆய்வின் நீண்ட பெயரைச் சுருக்கினால் அப்படி வருகிறது, வேண்டுமென்றே செய்த வேலை என்றுதான் நினைக்கிறேன்). சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்திலும் சிகாகோவிலும் வாழும் தெற்காசியர்கள், முதலில் 906 பேர். தெற்காசிய ஆண்களின் கால்சியம் அளவு வெள்ளை ஆண்களுக்குச் சமமாகவும், கறுப்பின, லத்தீன், சீன ஆண்களைவிட அதிகமாகவும் இருந்தது. ஆனால் அவர்கள் புலம்பெயர்ந்த, பெரும்பாலும் நன்றாகப் படித்த, வசதியான ஆட்கள் என்பதால், வல்வெட்டித்துறை மீனவருக்கோ மதுரை ஆட்டோ ஓட்டுநருக்கோ அதை அப்படியே ஒட்டவைக்க முடியாது.

கேள்வி: இதயக் குழாய்களில் உள்ள கால்சியத்தை ஸ்கேனில் எண்ணிச் சொல்லும் கால்சியம் ஸ்கோர் எனக்கு சைபர். இனி மட்டன் தினமும் சாப்பிடலாமா?
– வாசகர், ஆம்பூர்

பதில்: ஆம்பூரிலிருந்து இந்தக் கேள்வி வராவிட்டால்தான் ஆச்சரியம். சைபர் நல்ல செய்தி, சில வருடங்களுக்கு ஆபத்து குறைவு. ஆனால் அந்த ஸ்கேன் சுண்ணாம்பு ஏறிய பழைய படிவைத்தான் எண்ணும், மேலே சொன்ன மென்மையான படிவை எண்ணாது. இளவயதில், அதுவும் சர்க்கரை, சிகரெட் இருந்தால், சைபரை நம்பி ஆட வேண்டாம்.

கேள்வி: இரண்டு வருடமாக ஸ்டேட்டின் சாப்பிடுகிறேன். மறுபடி ஸ்கேன் எடுத்தால் கால்சியம் ஸ்கோர் ஏறியிருக்கிறது! மாத்திரையை நிறுத்திவிடட்டுமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், நாகர்கோவில்

பதில்: நிறுத்தாதீர்கள் ஐயா. ஸ்டேட்டின் படிவிலுள்ள கொழுப்பைக் குறைத்து அதை இறுக வைக்கிறது. இறுகும்போது கால்சியம் கூடும், ஸ்கோர் ஏறும், ஆனால் உடையும் வாய்ப்பு குறையும். அதனால் மாத்திரை வேலை செய்கிறதா என்று பார்க்க இந்த ஸ்கேன் லாயக்கில்லை, அதற்கு ரத்தத்தில் எல்டிஎல் என்ற கெட்ட கொலஸ்ட்ராலைப் பார்த்தால் போதும். அடுத்த முறை அந்தக் காசை மிச்சம் பிடியுங்கள்.