குமரி மாவட்டத்தின் பழைய ஊர்களை ஒரே நாளில் காரில் சுற்ற முடியுமா? ஒயின் ஆலைக்கு ஈடாக இங்கே என்ன உண்டு?

கேள்வி கேட்டவர் இத்தாலியில் தனியாக ஒரு கார் அமர்த்திக்கொண்டு, மலைமேல் இருக்கும் பழைய ஊர்களையும் ஒரு ஒயின் ஆலையையும் ஒரே நாளில் பார்த்து வந்தாராம். அதேபோல ஒரு நாள் எங்கள் மாவட்டத்தில் கிடைக்குமா என்கிறார். கிடைக்கும். ஒயின் மட்டும் கிடைக்காது. அதற்குப் பதிலாக அக்கானி இருக்கிறது. மற்ற ஊர்க்காரர்கள் பதநீர் என்பார்கள்.

ஒயின் சுற்றுலாவில் ருசி பார்ப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். இங்கே அதில்தான் தொடங்க வேண்டும், ஏனென்றால் அக்கானி வெயில் ஏறும்வரை காத்திருக்காது. ஆறரை மணிக்கெல்லாம் பனை நிற்கும் ஏதாவது ஒரு விளையில், அதாவது தோட்டத்தில், இருங்கள். கோடை மாதங்களாக இருந்தால் நல்லது. மழைக்காலத்தில் வருபவர்கள் இந்தப் பகுதியை விட்டுவிடலாம். பனையேறி பாளையின் நுனியைச் சீவிவிட்டு, உள்ளே சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்டுகிறார். அந்தச் சுண்ணாம்பு இல்லையென்றால் சாறு புளித்துக் கள்ளாகிவிடும். தமிழ்நாட்டில் கள்ளுக்கு 1987 முதல் தடை. களியக்காவிளையைத் தாண்டினால் கேரளத்தில் கள்ளுக்கடை சட்டப்படியே நடக்கிறது.

குடித்துவிட்டு உடனே கிளம்பிவிடாதீர்கள். மிச்ச அக்கானியை அகன்ற பாத்திரத்தில் ஊற்றிக் காய்ச்சுவதைப் பார்க்க வேண்டும். நுரைத்துப் பொங்கும், பிறகு அடங்கும், நிறம் தேன்போல மாறும், அதன்பின் கறுக்கும். பாகு பதத்துக்கு வந்துவிட்டதா என்று ஒரு துளியைத் தண்ணீரில் விட்டுப் பார்ப்பார்கள். பிறகு சிரட்டையில் ஊற்றி ஆறவிட்டால் கருப்பட்டி. பாகு அடியில் ஒட்டியிருக்கும் பாத்திரத்தைச் சுரண்டித் தின்னும் உரிமை அந்த வீட்டுக் குழந்தைகளுடையது; விருந்தாளி கேட்டாலும் கொடுக்க மாட்டார்கள். அடுப்புச் சூட்டில் மணிக்கணக்கில் நின்று கிளறுகிற பெண்களிடம் கருப்பட்டிக்கு விலை பேசாதீர்கள்.

ஒன்பது மணிக்குப் பத்மநாபபுரம் கொட்டாரம், அதாவது அரண்மனை. இங்கேதான் நான் மானம் கெட்டேன். வெளிநாட்டிலிருந்து வந்த அத்தை மகனை அழைத்துக்கொண்டு, இந்த ஊர்க்காரன் என்று வழி முழுக்கப் பீற்றிக்கொண்டு போய் இறங்கியது ஒரு திங்கட்கிழமை. கொட்டாரத்துக்குத் திங்கள் விடுமுறை. "நீ எந்த ஊர்க்காரன் என்று சொன்னாய்?" என்று கேட்டான். புதன்கிழமை மறுபடியும் போனோம்.

1795 வரை திருவிதாங்கூரின் தலைநகரம் இது. 1956 நவம்பர் 1-ஆம் தேதி இந்த மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தும், கொட்டாரத்தைப் பராமரிப்பது இன்றும் கேரளத் தொல்லியல் துறைதான். முகம் பார்க்கலாம் போன்ற அந்தக் கறுப்புத் தரையைச் செருப்பில்லாத காலோடு தொட்டு நடக்கும் சுகத்துக்காகவே நான் போகிறேன். சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டையின் வெள்ளைக்கரு என்று சேர்மானம் சொல்வார்கள். தாய்க் கொட்டாரத்தில் ஒற்றைப் பலாமரத்தில் செதுக்கிய தூணையும் தவற விடாதீர்கள். நாங்கள் மூன்று மணி நேரம் இருந்தோம்.

பக்கத்திலேயே புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டை. 1741-இல் குளச்சல் போரில் டச்சுக்காரர்களுக்காகப் போரிட்டுத் தோற்றுப் பிடிபட்ட டி லனாய், அந்தப் போரில் வென்ற திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவுக்கே பிற்பாடு படை பயிற்றும் தளபதியானார். 1777-இல் இறந்த அவருடைய கல்லறை கோட்டைக்குள் இருக்கிறது. கல்வெட்டில் லத்தீனும் தமிழும் இருக்கின்றன. கோட்டையில் வேறு பெரிதாக ஒன்றும் இல்லை, அரை மணி நேரம் போதும்.

மதியம் தக்கலையில் மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கு) மீன்கறியும். கோவில்கள் நண்பகலோடு நடை சாத்திவிடும் என்பதால் அந்த வேளையை மாத்தூர் தொட்டிப் பாலத்துக்குக் கொடுங்கள். 1966-இல் கட்டியது, 115 அடி உயரத்தில், 28 தூண்களின் மேல், பறளியாற்றைத் தாண்டிக் கால்வாய்த் தண்ணீர் போகிறது. உயரம் கண்டு பயப்படுபவர்கள் கீழே நின்று பார்க்கலாம். அத்தை மகன் அப்படித்தான் பார்த்தான்.

வெயில் தணிந்ததும் சிதறால். திருச்சாரணத்துமலை என்பது பழைய பெயர். ஒன்பதாம் நூற்றாண்டில் சமணர்கள் இருந்த பாறை. தீர்த்தங்கரர்கள் வரிசையாகப் புடைப்புச் சிற்பங்களாக இருக்கிறார்கள். ஆய் மன்னன் விக்கிரமாதித்திய வரகுணன் காலத்துக் கல்வெட்டும் உண்டு. பின்னாளில் அது பகவதி கோவிலானது. இந்நேரம் ஓட்டுநர், சூரிய அஸ்தமனம் பார்க்கக் கன்னியாகுமரிக்கு விடட்டுமா என்று கேட்பார். வேண்டாம் அண்ணாச்சி என்று சொல்லிவிட்டுத் திருவட்டாறுக்கு விடச் சொல்லுங்கள்.

ஆதிகேசவப் பெருமாள் அங்கே 22 அடி நீளத்துக்கு மேற்கு நோக்கிப் படுத்திருக்கிறார். மூன்று வாசல்கள் வழியாகத்தான் முழு உருவத்தையும் காண முடியும். ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும், வேட்டி ஒன்று கையில் இருக்கட்டும். 2022-இல் குடமுழுக்கு நடந்தபோது வந்த கூட்டம் இப்போது இல்லை. சாதாரண நாள் மாலையில் பிரகாரத் தூண்களுக்கு நடுவே ஆற அமர நடக்கலாம்.

கருப்பட்டி வாங்குவதானால் மூடியுள்ள பாத்திரம் கொண்டு போங்கள். நாங்கள் ஓலைப் பெட்டியில் வாங்கி வண்டியின் பின்பக்கம் வைத்துவிட்டு மறந்துபோனோம். இரவு வீட்டுக்கு வந்து திறந்தால், எங்களுக்கு முன்பே எறும்புகள் பந்தியில் உட்கார்ந்திருந்தன.