தாத்தாவின் பதக்கங்களைத் தேய்க்க வேண்டாம்

தென்னாப்பிரிக்காவில், டர்பன் சாட்ஸ்வர்த் வீட்டுத் தகரப் பெட்டியில் தாத்தாவின் இரண்டாம் உலகப் போர்ப் பதக்கங்கள் இரண்டும் பிரமிடு படம் போட்ட அஞ்சலட்டையும் கிடைத்ததாக எழுதியிருக்கிறீர்கள் தங்கச்சி. பிராசோ என்ற உலோக பாலிஷ் போட்டுத் துலக்கலாமா என்று கேட்கிறீர்கள். வேண்டவே வேண்டாம், எழுத்துகள் தேய்ந்துவிடும். அந்த எழுத்தில்தான் எல்லாம் இருக்கிறது.

ஒரு பக்கம் துள்ளும் மான், மறுபக்கம் ஆப்பிரிக்கப் படம் என்றால் அது ஆப்பிரிக்க சேவைப் பதக்கம். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து அதன் விளிம்பைப் பாருங்கள். பிரிட்டன் தன் படையினருக்கு இதே போரின் நட்சத்திர வடிவப் பதக்கங்களைப் பெயரில்லாமல்தான் கொடுத்தது. தென்னாப்பிரிக்கா எண்ணும் பெயரும் பொறித்தே கொடுத்தது. எண்ணுக்கு முன் 'எம்' என்ற ஆங்கில எழுத்து இருந்தால் அவர் இந்திய, மலாய்ப் படைப்பிரிவைச் சேர்ந்தவர்.

"வெறும் டிரைவர்தானே" என்று மாமா சொன்னாராம். நம்மவர்கள் கையில் துப்பாக்கி கொடுக்க அன்றைய அரசுக்கு மனமில்லை. லாரி ஓட்டினார்கள், சமைத்தார்கள், அடிபட்டவர்களைத் தூக்கினார்கள். 1942 ஜூனில் லிபியாவின் தோப்ருக் நகரம் ஜெர்மானியரிடம் விழுந்தபோது குண்டு ஆள் பார்த்தா விழுந்தது?

அப்புறம், அந்த எண்ணைக் குறிப்பிட்டுப் தென்னாப்பிரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆவணக் காப்பகத்துக்கு எழுதுங்கள். அட்டையை லேமினேட் செய்யாதீர்கள். அதிலுள்ள தணிக்கை முத்திரையைப் படமெடுத்துப் போடுங்கள், பார்க்கிறேன்.