பனியில் வெளிறிய மரை, வானத்தில் கருத்த குருவி

கேள்வி: ஹோர்ட்டன் சமவெளிக்குக் குடும்பத்தோடு போயிருந்தோம். பெரிய கொம்பு மரை ஒன்று கிட்டத்திலேயே நின்றது, இருபது படம் எடுத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் எல்லாமே வெளிறி, நீலம் பூத்துக் கிடக்கிறது. போனில் பில்டர் போட்டேன், இன்னும் மோசமாகிவிட்டது. அழித்துவிடவா?
– வாசகி, பண்டாரவளை

பதில்: அழிக்காதீர்கள். இருபதில் இரண்டு படமாவது தேறும். முதலில் படத்துக்கு ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டு அதில் வேலை செய்யுங்கள்.

பனிமூட்டத்துக்குள் எடுத்த படத்தில் கறுப்பு என்று ஒன்றே இருக்காது. உங்களுக்கும் மரைக்கும் நடுவில் தொங்குகிற நீர்த்துளிகள் வெளிச்சத்தைச் சிதறடிப்பதால் மரையின் கண், மூக்கு எல்லாம் சாம்பலாகத்தான் பதிகிறது. அதனால் முதல் வேலை, கறுப்பைக் கறுப்பாக்குவது. படம் திருத்தும் செயலியில் லெவல்ஸ் அல்லது கர்வ்ஸ் திறந்து, இடது ஓரப் புள்ளியை மெல்ல உள்ளே தள்ளுங்கள். கண்ணும் மூக்கும் கறுத்ததும் அங்கேயே நிறுத்திவிடுங்கள். டிஹேஸ் என்ற வசதியும் கிட்டத்தட்ட இதைத்தான் செய்கிறது, ஆனால் அதைக் கூட்டினால் மரையைச் சுற்றி ஒரு வெளிச்ச வளையம் வந்துவிடும், பிறகு படம் வெட்டி ஒட்டினது போலத் தெரியும்.

அடுத்தது நீலம். மூடிய வானத்து வெளிச்சம் நீலம் கலந்தது, ஒயிட் பேலன்ஸைக் கொஞ்சம் மஞ்சள் பக்கம் நகர்த்தினால் சரியாகிவிடும். உங்கள் பில்டர் சொதப்பியது இங்கேதான் என்று நினைக்கிறேன்: நீலத்தை எடுக்காமல் நிறத்தைக் கூட்டினால் கூடுவது அந்த நீலமும்தான். நிறத்தைச் சரிசெய்த பிறகே செறிவைத் தொடவேண்டும், அதுவும் ஒரு துளி. புல்லைப் பொன்னிறமாக்க வேண்டாம். அன்றைக்கு அங்கே குளிர்ந்தது அல்லவா, படத்திலும் குளிரட்டும்.

கடைசியாக கிராப். 24 மெகாபிக்சல் கெமராவின் படம் 6000க்கு 4000 புள்ளிகள். நீளத்திலும் அகலத்திலும் பாதியாக வெட்டினால் மிஞ்சுவது 6 மெகாபிக்சல்தான், என்றாலும் பத்து அங்குல அகலத்துக்கு நன்றாகவே அச்சிடலாம். மரை பார்க்கிற பக்கம் இடம் விட்டு வெட்டுங்கள். இவ்வளவு செய்தும் நிறம் ஒத்துவரவில்லை என்றால் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள், பனிப் படத்துக்கு அது அருமையாகப் பொருந்தும்.

இன்னொன்றையும் சொல்லியே ஆகவேண்டும். சமவெளியில் பார்வையாளர் நிலையம் இருக்கும் ஃபார் இன் பக்கத்து மரைகள் கிட்டே வந்து நிற்பதற்குக் காரணம், ஆட்கள் தின்பண்டம் நீட்டி நீட்டிப் பழக்கியதுதான். படத்துக்காக பிஸ்கட் நீட்டாதீர்கள், பொலித்தீனையும் சேர்த்து விழுங்கிவிடுகின்றன.

கேள்வி: லயத்துக்குப் பின்னால் மரக்கிளையில் மஞ்சள் காதுப் புல்புல் வந்து உட்கார்ந்தது. எடுத்த படத்தில் வானம் வெள்ளை, குருவி கரிக்கட்டை. காப்பாற்ற முடியுமா?
– வாசகர், ஹட்டன்

பதில்: நம் மலைநாட்டை விட்டால் உலகத்தில் வேறெங்கும் கிடைக்காத குருவி, முயற்சி செய்யத்தான் வேண்டும். கெமரா வானத்து வெளிச்சத்தைப் பார்த்து மிரண்டு படம் முழுவதையும் இருட்டாக்கியிருக்கிறது. இருண்ட பகுதிகளுக்கான ஷேடோஸை மட்டும் உயர்த்துங்கள். போனில் ஸ்னாப்சீட் என்ற செயலி இருந்தால் 'செலக்டிவ்' புள்ளியைக் குருவியின் மேல் வைத்து அதை மட்டும் வெளிச்சமாக்கலாம்.

எவ்வளவு தேறும் என்பது எப்படி எடுத்தீர்கள் என்பதைப் பொறுத்தது. ஜேபெக் கோப்பில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான், கெமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் 14 பிட் ரா கோப்பில் 16,384. இருட்டுக்குள் ஒளிந்திருக்கும் அந்த மஞ்சளை வெளியே இழுக்க ரா இடம் கொடுக்கும், ஜேபெக் சீக்கிரமே புள்ளி புள்ளியாக உடைந்துவிடும். டார்க்டேபிள் என்ற இலவச மென்பொருளைக் கணினியில் போட்டுக்கொண்டால் ரா கோப்பைத் திறக்கலாம். அந்தப் புள்ளிகளை, அதாவது நொய்ஸைக் குறைத்துவிட்டு அப்புறம் ஷார்ப்னஸ் கூட்டுங்கள், மாற்றிச் செய்தால் புள்ளிகள்தான் கூர்மையாகும். வெளுத்துப்போன வானத்தை மீட்க முடியாது, வெள்ளையாகவே விடுங்கள். நீல வானம் ஒன்றை எடுத்து ஒட்டவேண்டாம். அடுத்த முறை எக்ஸ்போஷர் அளவை +1க்கு வைத்து எடுங்கள்.

கேள்வி: அந்திநேரத்தில் மந்தி ஒன்று கிளைக்குக் கிளை பாய்ந்ததை எடுத்தேன், ஆடிப்போய்விட்டது. ஷார்ப்னஸ் கூட்டினால் சரியாகுமா?
– வாசகர், நானுஓயா

பதில்: ஆகாது. இருக்கிற ஓரத்தைத்தான் அது அழுத்திக் காட்டும், பதியாத ஓரத்தை எங்கிருந்து கொண்டுவரும்? முழு அளவில் பெரிதாக்கிக் கண்ணைப் பாருங்கள். கண் தெளிவாக இருந்து கையும் வாலும் மட்டும் ஆடியிருந்தால் அது நல்ல படம், வைத்துக்கொள்ளுங்கள். கண்ணும் போய்விட்டால் விட்டுவிடுங்கள். செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் முகத்தைக் கூர்மையாக்கித் தரும்தான், ஆனால் அந்த மயிரும் சுருக்கமும் அது கற்பனையில் வரைந்தவை.

கேள்வி: எங்கள் தோட்டத்துப் பாறையில் சிறுத்தை படுத்திருந்ததைத் தூரத்திலிருந்து எடுத்தேன். பக்கத்தில் ஒரு பொலித்தீன் பை கிடக்கிறது. அதை அழித்துவிட்டுப் போட்டிக்கு அனுப்பலாமா?
– வாசகி, மஸ்கெலியா

பதில்: எடுத்ததும் எடுத்தீர்கள், என்ன அதிர்ஷ்டம்! ஆனால் பையை அழிக்கவேண்டாம். வனவிலங்குப் படப் போட்டிகள் பெரும்பாலும் ஒன்றைச் சேர்ப்பதையும் நீக்குவதையும் ஏற்பதில்லை, வெளிச்சமும் நிறமும் கிராப்பும்தான் அனுமதி. அதைவிட, கொழுந்து எடுக்கிற மலையும் சிறுத்தை படுக்கிற மலையும் ஒன்றுதான் என்பதை அந்தப் பை இருக்கிற படம்தான் உள்ளபடி சொல்கிறது. பை கண்ணை உறுத்தினால் அந்த மூலையின் வெளிச்சத்தைக் கொஞ்சம் தணியுங்கள், போதும்.

படத்தைத் திருத்துவதை விட எனக்குப் பெரிய கவலை வேறு. 2020 மே மாதம் நல்லதண்ணியில் கருஞ்சிறுத்தை ஒன்று கம்பிச் சுருக்கில் மாட்டி, மீட்டும் பிழைக்காமல் செத்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும், உங்கள் பக்கம்தானே. போனில் எடுக்கும் படத்துக்குள் இடக்குறிப்பும் சேர்ந்தே பதிந்திருக்கலாம். யாருக்கு அனுப்பினாலும் அதை நீக்கிவிட்டு அனுப்புங்கள். தோட்டத்தின் பெயர், டிவிஷன், பாறை இருக்கும் இடம் எதையும் எழுதாதீர்கள். 'மத்திய மலைநாடு' என்று போடுங்கள்.